கேட்டதும் கேளாததும்

பிரயாண நூல்களில் ஒரு தனி ரகம் உண்டு. அவற்றைப் பிரயாண நூல் என்று நாம் நினைப்பதே இல்லை. எந்த ஊருக்குப் போவது, எப்போது புறப்படுவது, எந்தத் தெருவில் நுழைவது என்பதையெல்லாம் முழங்காலில் நின்று கடவுளிடம் கேட்டுவிட்டுப் போனவர்கள் எழுதியவை அவை. கிறிஸ்தவ மிஷனரிகளும் அவர்களோடு சேர்ந்த நம்மவர்களும் இருநூறு வருஷங்களாக இப்படி எழுதி வந்திருக்கிறார்கள். மத நூல் என்று முத்திரை குத்தி விமரிசகர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். பக்தர்களோ படித்துக் கண் கலங்கி, பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிடுகிறார்கள். எழுத்து என்ற முறையில் இவை தேறுமா தேறாதா என்று கேட்பார் இல்லை. கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

தேறாதவையே அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகும்படி ஏவப்பட்டோம், போனோம், வழியில் வண்டியின் அச்சு முறிந்தது, முறிந்த இடத்தில்தான் ஓர் ஆத்துமா எங்களுக்காகக் காத்திருந்தது என்று கதை நடக்கும். அச்சு முறிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. மழை பெய்ததற்கும் காரணம் கிடைத்துவிடும். இந்தப் புத்தகங்களில் வீணாய்ப் போன ஒரு பிற்பகல்கூடக் கிடையாது. நாவல் எழுதிப் பழகியவனுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போய் நாலு குறிப்புகளை நட்டுவைத்துவிட்டால், எல்லாம் ஆதியிலிருந்தே அப்படித்தான் அமைந்திருந்தது போல ஆகிவிடும். கதையில் அது கெட்டிக்காரத்தனம். உண்மையில் நடந்தது என்று சொல்லும் நூலில் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த ரகத்துக்கென்று தமிழில் ஒரு தனிப் பாஷையே ஏற்பட்டிருக்கிறது. 'ஆண்டவர் நடத்தினார்', 'பாரம் வந்தது', 'கதவு திறந்தது', 'வாக்குத்தத்தம் கிடைத்தது' என்பார்கள். முதலில் சொன்னவனுக்கு இவை ரத்தமும் சதையுமான சொற்களாக இருந்திருக்கும். பாரம் என்ற சொல்லைப் பாருங்கள்: காணாத ஓர் ஊரின் துக்கம் நெஞ்சில் கல்லாய் உட்காருவதற்கு அதைவிட நல்ல சொல் கிடைக்குமா? ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வந்து வந்து, இப்போது அது தபால் முத்திரை மாதிரி ஆகிவிட்டது. விழுந்திருக்கிறது என்று தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை. இன்று இந்தப் பாஷையைக் கேட்க வேண்டுமானால் திருநெல்வேலிச் சீமைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனாலும் கேட்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை 2010-ல் தொடங்கியது. அந்தத் தொழிற்சாலைகளை நம்பித் தென் ஜில்லாக்களிலிருந்து வந்து, ஓர் அறைக்கு நாலைந்து பேராக வாடகைக்கு இருக்கிற பிள்ளைகளில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஷிப்ட் இல்லாத நாளில் கூடி ஜெபம் செய்துவிட்டு, கைப்பிரதிகளை எடுத்துக்கொண்டு சுற்றுக் கிராமங்களுக்குப் புறப்படுவது அவர்களுக்குள் ஒரு வழக்கம். எந்தக் கிராமம் என்பதையும் ஜெபத்தில்தான் கேட்கிறார்கள்.

இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. நம் ஊரில் பூக்கட்டிப் பார்க்காத குடும்பம் எது? சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சன்னிதியில் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்லுகிறோம். இதில் ஒரு நேர்மை உண்டு. வேண்டாம் என்ற பொட்டலமும் அங்கே கிடக்கிறது. குழந்தையின் கை அதன்மேலும் விழலாம். சாட்சி நூல்களில் எனக்குள்ள குறை அங்கேதான். வேண்டாம் என்ற சீட்டு அந்தக் குடத்துக்குள் போடப்படுவதே இல்லை.

பழைய கதைகளில் அது இருந்தது. பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிற சாலையில் இரண்டு பழைய கதைகள் கிடக்கின்றன. ஒன்று மலையைச் சேர்ந்தது. தோமையாரைப் பற்றி மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் நடபடிகள்' என்ற நூல் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? சீஷர்கள் தேசங்களைப் பங்கு பிரித்துச் சீட்டுப் போடுகிறார்கள். இந்தியா தோமாவுக்கு விழுகிறது. போக மாட்டேன் என்கிறார் அவர். உடம்பில் வலுவில்லை, நான் எபிரேயன், இந்தியருக்கு எப்படிப் போதிப்பேன் என்கிறார். இரவில் ஆண்டவரே தோன்றித் தைரியம் சொல்லுகிறார். அப்போதும் முடியாது என்று ஒரே பிடி. மறுநாள் ஓர் இந்திய ராஜாவுக்குத் தச்சன் தேடிவந்த ஹப்பான் என்ற வியாபாரியிடம் ஆண்டவர் தம் சீஷரை அடிமையாக விற்றுவிடுகிறார். கிரயப் பத்திரமும் எழுதியாகிறது. 'அவர் உன் எஜமானரா?' என்று வியாபாரி கேட்க, ஆமாம் என்று சொல்லித்தானே ஆகவேண்டும்! அதற்கப்புறம்தான் தோமாவின் பிரார்த்தனை வருகிறது, உம் இஷ்டம்போல் ஆகட்டும் என்று. அந்த நூலின் ராஜா வடமேற்குச் சீமைக்காரர். மயிலாப்பூர் ஐதீகம் வேறு. சரித்திரமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் கதை சொன்னவனுக்கு மனிதனைத் தெரிந்திருக்கிறது. கேட்டவனுக்குப் பிடிக்காத பதில் வந்தது என்று அவன் எழுதத் துணிந்திருக்கிறான்.

இன்னொரு கதை பூவிருந்தவல்லிக்காரரான திருக்கச்சி நம்பியைப் பற்றியது. காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசுகிறவர். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது குருபரம்பரை நூல்களின் வாக்கு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருக்கு மனசில் சில சந்தேகங்கள். அவர் நேரே போய்க் கேட்கவில்லை. கேள்விகள் இன்னவை என்று நம்பியிடமும் சொல்லவில்லை. 'அடியேன் நினைத்திருப்பதைக் கேட்டு வாருங்கள்' என்றார். பதில் ஆறு வார்த்தைகளாக வந்தது. ஐந்து தத்துவம். ஆறாவதுதான் பிரயாணத்துக்கு ஆனது: பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள் என்றது. ராமானுஜர் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டார். அங்கிருந்து பெரிய நம்பியும் இவரைத் தேடிக் காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலில் எதிர்ப்பட்டார்கள். அங்கேயே மகிழ மரத்தடியில் உபதேசம் ஆயிற்று. ஸ்ரீரங்கம் போய்ச் சேருவது என்ற திட்டம் பாதி வழியிலேயே வேறாகிவிட்டது. பதில் இன்னொருவர் வாயால் வந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். தம் ஆசையையே தெய்வத்தின் குரலாகக் கேட்டுவிடும் அபாயம் ராமானுஜருக்கு இல்லை. கேள்வியைத் தெரியாத ஒருவர் அல்லவா பதிலைக் கொண்டுவருகிறார்!

பைபிளிலேயே இந்த விஷயத்தில் மிகவும் அடக்கமாக எழுதப்பட்ட பகுதி அப்போஸ்தலர் நடபடிகளின் 16-ம் அதிகாரம். பவுலும் கூட்டாளிகளும் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குத் திரும்புகிறார்கள், அங்கும் தடை. எப்படித் தடுத்தார், காய்ச்சலா, கனவா, யாராவது சண்டை போட்டார்களா என்று லூக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. துரோவாவில் ஓர் இரவு, மக்கெதோனியன் ஒருவன் நின்று அழைப்பதாகத் தரிசனம். அழைத்தவன் ஆண், பிலிப்பியில் முதலில் இருதயம் திறந்து கேட்டவளோ லீதியாள் என்ற இரத்தாம்பரம் விற்கிற பெண். கொஞ்ச நாளில் அடியும் சிறையும். தரிசனத்தில் வந்த ஆள் எங்கே என்று பவுல் தேடினாரா? தெரியாது. லூக்கா அதை நிரப்பவில்லை. பின்னால் வந்தவர்கள் லூக்காவிடம் கற்றிருக்க வேண்டியது இந்த நிரப்பாமை.

கற்றவர்களும் இருந்தார்கள், தெரிந்தோ தெரியாமலோ. அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் எக்ஸிட்டர் நகரத்தில் நல்ல வரும்படியுள்ள பல் வைத்தியர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சம்பளம் இல்லாமல், சங்கத்தின் ஆதரவும் இல்லாமல், 1829-ல் குடும்பத்தோடு பாக்தாதுக்குப் புறப்பட்டார். 1831-ல் அங்கே பிளேக் வந்தது. ஊரைவிட்டுப் போவதா இருப்பதா என்று ஜெபித்து, இருப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு அடுத்த வருஷமே லண்டனில் அச்சாயிற்று. அதைப் படிக்கும்போது நம் கை நடுங்குவதற்குக் காரணம், எழுதுகிறவருக்கு அடுத்த பக்கம் தெரியாது என்பதுதான். சுற்றிலும் வீடு வீடாகப் பிணம் விழுகிறது. தம் வீட்டைக் கடவுள் காப்பார் என்ற நிச்சயத்தோடு அவர் எழுதுகிறார். மே மாதத்தில் மனைவி மேரி பிளேக்கில் இறந்துபோகிறாள். பத்து வருஷம் கழித்து நினைவுகளாக எழுதியிருந்தால் முன்பக்கத்து நிச்சயத்தைக் குரோவ்ஸ் மழுப்பியிருப்பார். மனித சுபாவம் அது. நாட்குறிப்பு மழுப்ப விடவில்லை. நிச்சயமும் அப்படியே நிற்கிறது, சாவும் அப்படியே நிற்கிறது; நடுவில் இட்டு நிரப்பிய சமாதானம் எதுவும் இல்லை. 1833-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். பிறகு சித்தூரில் குடியேறினார். ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் அவரோடு சேர்ந்து, கட்டிய சம்பளம் வேண்டாம் என்று சொல்லித் தமிழ்நாட்டில் கால்நடையாய்ச் சுற்றியது அந்த வழியில்தான். அருளப்பனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அவர் 1867-ல் இறந்தார். வெள்ளைக்காரப் பாதிரிகளுக்குக் கிடைத்த மாதிரி சரித்திர ஆசிரியர் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த ரகத்தில் நம் நாட்டுச் சம்பந்தமுள்ள பெரிய எழுத்தாளர் என்று எமி கார்மைக்கேலைத்தான் சொல்ல வேண்டும். டோனாவூர் அம்மை என்றால் திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும். 1867-ல் அயர்லாந்தில் பிறந்து, 1951-ல் டோனாவூரில் காலமானவர். அவரைப் பற்றிச் சிறுவர் புத்தகங்களிலும் பிரசங்கங்களிலும் ஒரு கதை ஓயாமல் வரும். கண் நீலமாக வேண்டும் என்று குழந்தையில் ஜெபித்தாராம். மறுநாள் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்தான். பிற்காலத்தில் காப்பித் தூளால் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு நம் ஜனங்களுக்குள் புழங்கியபோது, அடடா, பழுப்புக் கண் எவ்வளவு சௌகரியம் என்று புரிந்ததாம். எனக்கு இந்தக் கதையின் முதல் பாதி போதும். ஏமாந்த குழந்தை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் இருக்கிற உண்மை, காப்பித் தூளில் இல்லை.

அவருடைய வாலிப வயசுப் பிரயாணங்களில் இந்தக் கேட்டுப் போகும் வழக்கம் சற்று முரட்டுத்தனமாகவே இருந்தது. 1893-ல் ஜப்பானுக்குப் போனார். மாட்சுயே பக்கத்தில் ஹிரோஸே என்ற ஊருக்குப் புறப்படுமுன், எத்தனை ஆத்துமாவைக் கேட்க வேண்டும் என்று ஜெபத்தில் விசாரித்தார். ஒன்று என்று பட்டது, ஒன்று கிடைத்தது. அடுத்த தடவை இரண்டு, பிறகு நாலு, பிறகு எட்டு. கணக்குப் பிள்ளை எழுதிய மாதிரி ஒழுங்காக இருக்கிறது. அதற்கடுத்த தடவை எண் எதுவும் வரவில்லை. வாய்ப்பாடு நின்றுவிட்டது. இதையும் சேர்த்துச் சொல்லியிருப்பதால்தான் முதல் நாலையும் நான் பொறுமையோடு படிக்கிறேன்.

1894-ல் உடம்பு கெட்டது. ஓய்வுக்கென்று ஷாங்காய் போனவர், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டார். கடவுள் அப்படிச் சொன்னதாகப் பட்டது, அவ்வளவுதான். அனுப்பியவர்களைக் கேட்கவில்லை. இங்கிலாந்தில் அவர்கள் திகைத்துப்போனார்கள். சில மாதங்களில், தந்தையைப் போலிருந்த ராபர்ட் வில்ஸனுக்குப் பாரிச வாயு என்று தகவல் வரவே, வருஷக் கடைசியில் லண்டனுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இலங்கைப் பயணம் சரியான வழிகாட்டுதலா, களைத்த மூளையின் மயக்கமா? 1953-ல் அவர் சரித்திரத்தை எழுதிய ஃபிராங்க் ஹௌட்டன் இந்த இடத்தில் மெல்ல நடக்கிறார். பிஷப் அவர், பக்தி குறுக்கே நிற்கிறது. அம்மையின் பேரில் அன்பு வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டிருந்தால் புத்தகம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

1895-ல் பெங்களூருக்கு வந்தார். பிறகு திருநெல்வேலியில் வாக்கர் ஐயரிடம் தமிழ் கற்றுக்கொண்டு, பொன்னம்மாள் என்ற விதவையும் வேறு சில பெண்களும் துணையாக, பண்ணைவிளையிலிருந்து மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். இங்கேதான் எழுத்தாளர் பிறக்கிறார். 1903-ல் வெளிவந்த 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' என்ற நூல், உள்ளது உள்ளபடி என்று தமிழில் சொல்லலாம், அந்த ஊர்சுற்றலின் விளைவு. அதன் கையெழுத்துப் பிரதியைச் சீமையில் இருந்த கமிட்டியார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உற்சாகமாக இல்லை, கொஞ்சம் மாற்றித் தாருங்கள் என்றார்கள். அம்மை மாற்றவில்லை, பெட்டியில் போட்டுவிட்டார். பிற்பாடு வந்த நண்பர்கள் எடுத்துப் பதிப்பித்தார்கள். நிஜமாகவே இப்படித்தானா என்று வாசகர்கள் சந்தேகப்பட்டதால், மற்ற மிஷனரிகளிடம் சாட்சி வாங்கிச் சேர்க்க நேர்ந்தது. தோல்வியை எழுதினால் சாட்சி கேட்கிற உலகம், வெற்றியை எழுதினால் கேட்பதில்லை!

அதில் ஓர் அத்தியாயத்துக்குத் தடம் விலகிய மூன்று பிற்பகல்கள் என்று பொருள்படும் தலைப்பு. தலைப்பே எனக்குப் பாதி விமரிசனத்தைச் செய்துவிடுகிறது. ஜெபித்துவிட்டுப் போன இடத்தில் கதவு சாத்தப்படுகிறது. அல்லது திறந்து, உள்ளே இருப்பவர்கள் இவர் சொல்லவந்ததை விட்டு இவரையே வேடிக்கை பார்க்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லையா, தலைக்கு எண்ணெய் வைப்பதில்லையா என்று கேட்கிற நம் ஊர்ப் பெண்களை யார் அறிய மாட்டார்கள்? அந்தப் பேச்சின் தாளம் ஆங்கிலத்திலும் தப்பாமல் விழுந்திருக்கிறது. வீணான பிற்பகலை வீணாகவே எழுதுகிற தைரியம் அவருக்கு இருந்தது. குறையும் உண்டு, பெரிய குறை. எதிரே இருக்கிறவளின் சாமியைப் பிசாசு என்று தீர்த்துவிட்டபின், அவள் ஏன் அந்தச் சன்னிதியில் நிற்கிறாள் என்று பார்க்கும் கண் மூடிவிடுகிறது. ஜாதியின் பிடியை அவர் கண்டதுபோல் அக்காலத்து வெள்ளைக்காரர் வெகு சிலரே கண்டார்கள். ஆனால் அந்தப் பிடிக்குள் ஒரு வாழ்க்கையும் இருந்தது. அவருடைய கிராமத்து மனிதர்கள் பதில் சொல்லுவதற்காகவே வாய் திறக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். 1901 மார்ச் 6-ந் தேதி மாலை அவர்கள் டோனாவூர்ப் பக்கத்திலிருந்து பண்ணைவிளைக்குத் திரும்பினார்கள். மறுநாள் காலை ஒரு பெண் ஏழு வயசுச் சிறுமி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். பெருங்குளத்துக் கோயில் வீட்டிலிருந்து ஓடிவந்த குழந்தை. முன்னொரு தடவை தூத்துக்குடியில் தாயிடம் ஓடி, தாயே திருப்பி ஒப்படைத்து, கையில் சூடுபட்டவள். அம்மையின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டோனாவூர் என்ற பெரிய காரியம் முழுவதும் அந்த ஒரு காலையிலிருந்து கிளம்பியது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் மதராஸில் 1947-ல்தான் வந்தது என்பதை நினைத்தால் அந்தக் காலையின் கனம் தெரியும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இப்படி ஒரு குழந்தை வரவேண்டும் என்று அந்தப் பிரயாணத்தில் யாரும் கேட்கவில்லை. நாலைந்து வருஷமாக ஊர் ஊராகக் கேட்டது ஒன்று. அது அநேகமாகக் கிடைக்கவில்லை. வந்தது கேளாதது. வந்ததும், சுற்றுப் பிரயாணத்தையே விட வேண்டியதாயிற்று. குழந்தைகளை வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் அலைய முடியுமா? பிரார்த்தனையால் நடத்தப்பட்ட பயணம் என்று சொல்லத் தக்கது அவர் வாழ்க்கையில் ஒன்று உண்டானால், அது பயணத்தை முடித்துவைத்த இந்தப் பயணம்தான். வாக்கர் ஐயர் எதிர்வாதம் செய்யக்கூடியவர். பொன்னம்மாள் ஊர் நடப்புத் தெரிந்தவள். கொழும்புக்குக் கப்பல் ஏறியபோது இல்லாத இரண்டு பேர் இப்போது பக்கத்தில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1931 அக்டோபர் 24. தம்மை எப்படியாவது அதிகம் பயன்படச் செய்யும்படி அன்று காலை அம்மை ஜெபித்தார் என்று அவர் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். மாலையில் களக்காட்டில், வைத்தியசாலைக்காகத் தயாராகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கை. ஜெபத்தையும் குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தாயா என்கிறார்கள் பக்தர்கள். நான் பார்ப்பது வேறு. படுத்தபின் 1933-ல் அவர் வெளியிட்ட 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நோயாளிக் கடிதங்களில், ஆரோக்கியமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதி அனுப்புகிற ஆறுதல் பிரசுரங்கள் நோயாளிக்கு எட்டுவதே இல்லை என்கிறார். பக்தி எழுத்தைப் பற்றிப் பக்தி எழுத்தாளர் ஒருவரே செய்த விமரிசனம் இது. அவருடைய வசனத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இந்தச் சின்னப் புத்தகத்தைத்தான்.

அம்மையின் வழியில் வந்த ஒரு பெண், இந்த விவகாரத்தை நாவலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். எலிஸபெத் எலியட்டை உலகம் அறிந்தது கணவர் ஜிம் எலியட்டால். ஈக்குவடார் காட்டில், 1956 ஜனவரி 8-ந் தேதி, வௌரானி மக்களைத் தேடிப் போன ஐந்து வாலிபர்கள் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார்கள். ஜிம் அவர்களில் ஒருவர். அடுத்த வருஷமே அந்த விதவை எழுதிய வீர சரித்திரம் வந்து உலகமெங்கும் விற்றது. அதற்கு முன்பே அவருக்கு வேறொன்று நடந்திருந்தது. எழுத்தில்லாத ஒரு மொழியைக் கற்க, அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஜெபித்தார். மக்காரியோ என்பவன் கிடைத்தான், கேட்டது அப்படியே. 1953-ல் அவனை யாரோ சுட்டுக் கொன்றார்கள். பின்பு அந்த மொழிக் குறிப்புகள் அடங்கிய பெட்டியும் களவு போயிற்று. கேட்டுக் கிடைத்ததே பறிபோனால் எந்தப் பாஷையில் சாட்சி சொல்வது? 1975-ல்தான் இதைப் புத்தகமாக எழுத அவரால் முடிந்தது. அந்தப் புத்தகத்துக்குத் தலைப்பை அவர் அம்மையின் கவிதையிலிருந்து எடுத்துக்கொண்டார். அம்மையின் சரித்திரத்தையும் 1987-ல் எழுதினார்.

ஆனால் நான் சொல்லவந்தது 1966-ல் வந்த அவருடைய ஒரே நாவலைப் பற்றி. 'நோ கிரேவன் இமேஜ்'. மார்கரெட் என்ற வாலிப மிஷனரி ஆண்டிஸ் மலைக்குப் போகிறாள். எல்லாம் ஜெபத்தில் கேட்டுத்தான். மொழிபெயர்ப்புக்கு உதவியாகப் பெட்ரோ என்ற மலைவாசி அமைகிறான்; அவன் இல்லாவிட்டால் வேலையே இல்லை. அவன் கால் புண் புரையோடுகிறது. ஜெபித்துவிட்டு, பெனிஸிலின் ஊசி போடுகிறாள். அந்த ஊசியே ஒவ்வாமல் அவன் செத்துப்போகிறான். நாவல் அவனை உயிர்ப்பிக்கவில்லை. அவன் சாவால் நாலு பேர் மனந்திரும்பினார்கள் என்றும் எழுதவில்லை. பக்த வாசகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். கலையாகப் பார்த்தால் நாவலின் நடுப்பகுதி தொய்வு. மலைவாசிகள் மார்கரெட்டின் கண் வழியாக மட்டும் தெரிகிறார்கள். ஆனாலும் கடவுளைத் தன் திட்டத்துக்குப் பங்காளியாக ஆக்கிக்கொள்வதும் விக்கிரகம்தான் என்பதைக் கதையாகவே சொல்லிவிட முடிந்திருக்கிறது. சரித்திரத்தில் தயங்கியதை நாவலில் எழுதியிருக்கிறார். நாவல் என்ற உருவத்துக்கு இருக்கிற நியாயங்களில் இது ஒன்று.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018 நவம்பரில், ஜிம் எலியட்டை ஆதர்சமாகக் கொண்ட ஜான் சாவ் என்ற இருபத்தாறு வயசு அமெரிக்கர், அந்தமானுக்கு வந்து, யாரும் நெருங்கக்கூடாது என்று சட்டம் தடுத்திருக்கிற வட சென்டினல் தீவுக்குப் படகில் போனார். கடைசி நாட்களில் அவர் எழுதிய குறிப்புகள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. முதலில் நெருங்கியபோது ஒரு சிறுவன் விட்ட அம்பு அவர் கையிலிருந்த பைபிளைத் துளைத்தது. அதற்கு மேலும் போவதா என்று அவர் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். பயமாயிருக்கிறது என்கிறார், சாக விருப்பமில்லை என்கிறார், தீவு ஜனங்கள்மேல் கோபம் வேண்டாம் என்று வீட்டாருக்குச் சொல்லுகிறார். மறுபடி போனார். 17-ந் தேதி அவர் உடலைக் கரையில் இழுத்துச் செல்வதை மீனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். அம்பு பட்ட பைபிளை வேண்டாம் என்ற சீட்டாகப் படித்திருக்கலாம். காப்பாற்றப்பட்டேன் என்றும் படிக்கலாம். எது என்று சொல்ல அந்தப் படகில் ஒரு திருக்கச்சி நம்பி இல்லை. அந்தக் குறிப்புகளில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. குரோவ்ஸின் நாட்குறிப்பைப் போலவே, எழுதியவருக்கு அடுத்த பக்கம் தெரியாது. ஆனால் நாவலாசிரியனின் கண் படகிலேயே தங்கிவிடுகிறது. கூலி வாங்கிக்கொண்டு அவரைக் கொண்டுபோன மீனவர்கள் பின்பு கைதானார்கள். வழக்கில் பிடிபட்டவர்கள் மொத்தம் ஏழு பேர். அவர்கள் வீட்டில் அன்றைக்கு யார் என்ன ஜெபித்தார்கள் என்பதை எழுதுவார் இல்லை. அந்தத் தீவுக்காரர்களோ, வெளியார் கொண்டுவரும் ஜலதோஷத்துக்குக்கூட உடம்பில் எதிர்ப்பில்லாதவர்கள். போகலாமா என்று ஒருவர் கேட்கும்போது, வரலாமா என்று கேட்கப்படாமலே இருப்பவர்கள் அவர்கள்.

தமிழில் இந்தக் கதையை எழுத இடம் இருக்கிறது. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் 'புத்தம் வீடு' எழுதி, தென்கோடிக் கிறிஸ்தவக் குடும்பத்தை அலங்காரமில்லாமல் நாவலுக்குள் கொண்டுவந்தார். அந்த வீட்டிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, இரவு ஷிப்ட் முடிந்து, அறை நண்பர்களோடு ஜெபித்துவிட்டு வல்லக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துக்குப் புறப்படுகிற பேரப் பிள்ளையை யாராவது எழுத வேண்டும். அவன் கேட்டது என்ன, அவனுக்குக் கேட்டது என்ன என்று எழுதினால் மட்டும் போதாது. வீட்டு வாசலில் கைப்பிரதியை வாங்கிக்கொள்கிற கிழவி ஒருத்தி இருப்பாள். நிலம் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. மகன் அதே தொழிற்சாலை வாசலில் காவற்காரன். அவளும் அன்று காலை எதையோ வேண்டிக்கொண்டுதான் வாசல் தெளித்திருப்பாள். இந்தப் பையனின் வருகை அவள் வேண்டியதற்குப் பதிலா, இடைஞ்சலா என்று அவள் பக்கத்திலிருந்து ஓர் அத்தியாயம் வேண்டும்.